ஒட்டி மூடிய திருவிருந்துக் கிண்ணம்: நோயாளி வீட்டுக்கு வாங்கலாம், சபைக்கு வேண்டாம்

இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைத்து அப்பமும் திராட்சரசமும் பகிர்வதுதான் திருவிருந்து. அதற்கென்று கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். அதன் வாயில் இரண்டு மூடிகள். மேல் மூடி உள்ளே இருப்பது தெரியும் மெல்லிய தாள். அதை உரித்தால் வெள்ளையாக ஓர் அப்பத் துண்டு. அதற்கடியில் அலுமினியத் தாள். அதைக் கிழித்தால் ஒரு மடக்குக்கும் குறைவான திராட்சரசம். அப்பமும் ரசமும் சேர்த்து ஆளுக்கு ஒன்று. யாரும் தொட வேண்டாம், யாருக்கும் கொடுக்க வேண்டாம், யாரிடமிருந்தும் வாங்க வேண்டாம்.

கொரோனாவுக்கு முன்பு இதை நம் சபைகளில் பார்த்தவர்கள் குறைவு. இப்போது பெங்களூரில் வேதாகமமும் சுவர் வசனமும் விற்கிற கடைகளில் அட்டைப் பெட்டியில் நூறு நூறாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். இணையத்திலும் கிடைக்கிறது. எங்கள் பகுதித் தமிழ்ச் சபைகள் சேர்ந்து ஜனவரியில் நடத்திய ஐக்கிய ஜெப வாரத்தின் கடைசி நாள் திருவிருந்துக்கு இதைத்தான் வாங்கினோம். எந்த நிறுவனத்துச் சரக்கு என்று எழுதப்போவதில்லை. பக்கத்து நிறுவனத்தின் கிண்ணமும் இதே அமைப்புதான். என் மனத்தாங்கல் அந்த அமைப்பின் மேல்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். காக்ஸ் டவுன் பக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) தமிழ்ச் சபையில் திருவிருந்து மேசையை ஆயத்தம் செய்வது என் பொறுப்பு. வெள்ளை விரிப்பைத் துவைத்து இஸ்திரி போடுவது, வெள்ளிப் பாத்திரத்தைப் பல்பொடி போட்டுத் துலக்குவது, சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களை வெந்நீரில் கழுவித் தட்டின் குழிகளில் கவிழ்ப்பது, இதெல்லாம் என் வேலை. ஆகவே இந்தப் பிளாஸ்டிக் கிண்ணம் என் வேலையைப் பறிக்க வந்தது என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஜெப வாரக் கமிட்டியில் இதற்கு எதிராகத்தான் பேசினேன். வாங்குவதென்று முடிவானபின், ஒரு பெட்டியை வீட்டுக்கு எடுத்துவந்து நிதானமாகச் சோதித்தேன்.

முதலில் திறப்பது. இரண்டு மூடிகளுக்கும் பிடித்து இழுக்க ஒரு சின்னக் காது இருக்கிறது. இரண்டு காதும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே இடத்தில். நகம் வளர்த்திருக்கிற பெண்பிள்ளைகளுக்குப் பிரிக்க வரும். மூட்டுவலியால் விரல் மடங்காத பாட்டிகளுக்கு வராது. இரண்டும் சேர்ந்து கிழிந்தால் அப்பம் மடியில், ரசம் புடவையில். கிண்ணத்தின் சுவர் மெலிது என்பதால், பிடியை இறுக்கினாலே அலுமினியத் தாள் கிழியும்போது ரசம் மேலே பீறிடுகிறது. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு திருவிருந்துக்கு வருகிற பழக்கம் எங்கள் பக்கத்து அம்மாக்களுக்கு இன்னும் இருக்கிறது. அவர்கள் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கிண்ணத்தின் அடியை மேசைமேல் வைத்து, இடது கையால் விளிம்பை மட்டும் பிடித்து, வலது கையால் படுக்கைவாட்டில் இழுக்க வேண்டும். கோயில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு மேசைக்கு எங்கே போக?

ருசி. அப்பத்துக்கு ருசி கிடையாது. நாக்கில் ஒட்டிக்கொண்டு கரைய நேரமாகிறது. ரசம் நல்ல தித்திப்பு, விழுங்கியபின் இருமல் மருந்தின் வாடை. பெட்டியின் அடியில் காலாவதித் தேதி இருக்கிறது, மாதக்கணக்கில் கெடாது என்கிறார்கள். கெடாமல்தான் இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதற்குமுன் நாங்கள் வைத்துக்கொண்டிருந்த ரசம் எது என்று தெரிந்தால்தான் என் முகச்சுளிப்பு புரியும். பெங்களூர் நீலத் திராட்சை என்று ஒரு வகை இருக்கிறது. தேவனஹள்ளி, சிக்கபள்ளாபூர் பக்கம் விளைவது. புவிசார் குறியீடு பெற்றது. தோல் தடிப்பு, விதை உண்டு, வாசனை தெருமுனைவரை வரும். வரத்து மிகுந்திருக்கும்போது சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டில் வாங்கி, காம்பு கிள்ளி, மூன்று தண்ணீரில் அலசி, பழம் முங்காத அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு அடுப்பில் ஏற்றுவேன். தோல் வெடித்து நீலம் இறங்கியதும் மரக்கரண்டியால் மசித்து, வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுவிட வேண்டும். துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் ரசம் கலங்கிவிடும். சொட்டு சொட்டாக இறங்கியதை மறுபடி ஒரு கொதி காட்டிச் சர்க்கரை சேர்த்துப் புட்டியில் அடைத்து வைப்பேன்.

இந்தக் கொதி காட்டுகிற வேலைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து வைன்லாண்ட் ஊரில் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்று ஒரு பல் மருத்துவர், மெதடிஸ்ட்காரர். மதுவே கூடாது என்ற கட்சி. திருவிருந்தில் மட்டும் மது எப்படி என்று அவருக்கு உறுத்தியது. 1869இல் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் நிறுத்தும் வழியைச் செய்துகாட்டினார். மது கெடாமலிருக்கப் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் சொன்ன முறைதான். அவர் தம் சபையில் திருவிருந்துக்கு ஆயத்தம் செய்கிற பொறுப்பில் இருந்தவர் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

சரி, நீலத் திராட்சை இருக்கும் ஊரில் இந்தப் பெட்டியை ஏன் வாங்கினோம்?

ஐக்கிய ஜெப வாரம் ஜனவரி 18 முதல் 25 வரை. 1908இல் நியூயார்க் மாநிலத்தில் கிரேமூர் என்ற இடத்தில் பால் வாட்சன் என்ற குருவானவர் தொடங்கியது. 1968இலிருந்து வத்திக்கானும் உலகத் திருச்சபைகள் மன்றமும் சேர்ந்து தயாரிக்கும் ஒரே ஜெப ஒழுங்கை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுக் கிறிஸ்தவர்கள் அதற்கு வரைவு எழுதுவார்கள். 2013இல் அது இந்தியாவின் முறை. பெங்களூரிலிருந்து இயங்கும் இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் அதை முன்னின்று எழுதியது. எடுத்துக்கொண்ட பகுதி மீகா 6ஆம் அதிகாரம், எடுத்துக்கொண்ட பொருள் தலித் மக்களுக்கு நடக்கிற அநீதி. சபை ஒன்றாக வேண்டும் என்று ஜெபிப்பவர்கள் முதலில் சாதியைப் பற்றிப் பேசுங்கள் என்று உலகத்துக்கே எழுதி அனுப்பினார்கள், நம் ஊரிலிருந்து. இதைச் சொன்னால் எங்கள் கமிட்டியில் பாதிப் பேருக்கு ஆச்சரியம்.

இந்த வருடக் கமிட்டியில் சி.எஸ்.ஐ., லுத்தரன், மெதடிஸ்ட், இரண்டு பெந்தெகொஸ்தே சபைகள். கத்தோலிக்கப் பங்கிலிருந்து சாமியார் ஜெபத்துக்கு வருவார், திருவிருந்துக்குச் சேரமாட்டார். அவர்கள் சபைச் சட்டம் அப்படி, அதை அவர் வருத்தத்தோடேயே சொன்னார். மற்றவர்களுக்குள் ஒரே மேசை என்று பேசத் தொடங்கியதும் வந்தது வினை. லுத்தரன் சபையாருக்குப் புளித்த திராட்சை மதுதான் வேண்டும். மெதடிஸ்ட் சபையாருக்கு அது ஆகவே ஆகாது. பெந்தெகொஸ்தே போதகர் ஒருவர் ஒரே அப்பத்தைப் பிட்க வேண்டும், வில்லை கூடாது என்றார். எங்கள் ஆட்கள் மேசைக்கு முன்னிருக்கும் கிராதியருகே முழங்கால்படியிட வேண்டும் என்றார்கள். இன்னொருவர், உட்கார்ந்த இடத்துக்கே தட்டு வர வேண்டும் என்றார். ரசத்தை யார் செய்வது என்று கேள்வி வந்தபோது, நான் செய்கிறேன் என்றேன். உங்கள் சபை ரசம் எங்களுக்கு எப்படி அம்மா என்று ஒருவர் மிக மரியாதையாகக் கேட்டார்.

அப்போதுதான் பொருளாளர் தம்பி கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். ஒட்டி மூடிய கிண்ணம். எந்தச் சபையும் செய்யாதது, ஆகவே எந்தச் சபைக்கும் ஆட்சேபம் இல்லாதது. ஐந்து நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது. பல சபைகளை ஒன்றாக்கித் தென்னிந்தியத் திருச்சபையை உண்டாக்க 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 1947 செப்டம்பர் 27இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் முடிந்தது. இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறார்கள். பேராயர் வேண்டுமா வேண்டாமா, பழைய போதகர்களுக்கு மறுபடி கைவைத்து அபிஷேகம் செய்ய வேண்டுமா என்று ஒவ்வொன்றுக்கும். அவர்களுக்கு இணையத்தில் பெட்டி வாங்கும் வசதி இல்லாமல் போயிற்று.

செலவைக் கேட்பீர்கள். கிண்ணம் ஒன்றுக்கு இருபது ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. நாங்கள் கொடுக்கவில்லை. சர்ஜாபூர் பக்கம் மனை விற்கும் ஒரு சகோதரர் பெட்டிகளைக் காணிக்கையாகத் தந்தார். அதற்குப் பதிலாக அழைப்பிதழின் பின்பக்கம் அவருடைய மனைப்பிரிவின் விளம்பரம். மேடைத் திரையில் முதல் பாட்டுக்கு முன் அவருடைய படம். ஜெபக் குறிப்புகள் ஏழு, அவற்றில் கடைசிக் குறிப்பு அவருடைய தொழில் விருத்திக்காக. ரோமர் நிருபத்தில் பவுல், இந்தப் பிரபஞ்சத்துக்கு ஒத்த வேஷம் தரிக்காதீர்கள் என்று எழுதியதை அன்று வேத பாடமாக வாசித்தோம். வாசித்தவருக்குப் பின்னால் திரையில் கிழக்குப் பார்த்த மனைகள் ஓடிக்கொண்டிருந்தன. அணைக்கத் தெரிந்த பையன் டீ குடிக்கப் போயிருந்தான்.

வாரத்தின் மற்ற நாட்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒருநாள் பாட்டு அதிகம், ஒருநாள் பிரசங்கம் அதிகம். புதன்கிழமை மட்டும் கத்தோலிக்கப் பங்கில் நடந்தது. கர்த்தருடைய ஜெபத்தை அவர்கள் ‘விண்ணுலகில்’ என்று தொடங்க, நாங்கள் ‘பரமண்டலங்களில்’ என்று தொடங்கினோம். ஒரே ஜெபம் இரண்டு ஓட்டமாகப் போய், தீமையிலிருந்து காப்பதில் அவர்கள் முடித்துவிட்டார்கள். நாங்கள் ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்று நீட்டிக்கொண்டே போனோம். பழக்கம், நிறுத்த வரவில்லை. சாமியார் கையை இறக்காமல் நாங்கள் முடிக்கும்வரை நின்று, எங்கள் ஆமெனோடு சேர்த்துத் தாமும் ஆமென் சொன்னார். அந்த வாரத்தில் நான் பார்த்த ஐக்கியம் அதுதான். அதற்கு யாரும் தீர்மானம் போடவில்லை.

கடைசி நாள், ஞாயிறு மாலை. முந்நூறு பேருக்கு மேல். வாசலில் இளைஞர்கள் நின்று, உள்ளே வருகிற ஒவ்வொருவர் கையிலும் காணிக்கை உறையோடு ஒரு கிண்ணத்தையும் கொடுத்துவிட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், கூட்டம் சீக்கிரம் நகர வேண்டும் என்று கேட்கவில்லை. ஆக ஆராதனை தொடங்கும்போதே எல்லோர் மடியிலும் கர்த்தருடைய பந்தி. பாவ அறிக்கை ஜெபம் நடக்கும்போது முன்வரிசையில் ஒரு சிறுவன் மேல் தாளை உரித்து அப்பத்தைத் தின்றுவிட்டான். அவன் அம்மா அவன் தொடையில் கிள்ளினாள். அதைப் பார்த்த தம்பி தன் கிண்ணத்தையும் திறந்தான்.

அப்பத்தின்மேல் ஜெபம் முடிந்து, இப்போது மேல் தாளை மட்டும் உரியுங்கள் என்று போதகர் ஒலிபெருக்கியில் சொன்னார். முந்நூறு தாள்கள் ஒரே நேரத்தில் கிழிந்தால் என்ன சத்தம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஜெப மௌனத்தின் நடுவே அது ஒரு நிமிடத்துக்கு ஓடியது, ஓய்ந்தது, பின்பக்கத்தில் மறுபடி தொடங்கியது. சிலருக்கு இரண்டு தாளும் சேர்ந்து வந்துவிட்டன. ரசத்தைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருப்பது, குடித்துவிட்டார்கள். சிலருக்கு ஒன்றுமே வரவில்லை, பல்லால் கடித்தார்கள். பாத்திரத்தின்மேல் ஜெபிக்கும்போது பாதிப் பேர் முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், கால்வாசிப் பேர் இன்னும் காதைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பவுல் காலத்துக் கொரிந்து சபையில் இதே கூத்துதான் நடந்தது. வசதியுள்ளவன் முன்னதாக வந்து தன் சாப்பாட்டைத் தானே சாப்பிட்டுவிடுகிறான். வேலை முடிந்து வருகிற ஏழைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒருவன் பசியோடிருக்க இன்னொருவன் வெறித்திருக்கிறான். பவுல் அவர்களுக்கு உயர்ந்த தத்துவம் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றார். 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரம், 33ஆம் வசனம். கிராதியருகே முழங்காலில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் வாங்கி முடிக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும், வேறு வழி கிடையாது. அந்தக் கட்டாயத்தைத்தான் இந்தக் கிண்ணம் நீக்கிவிடுகிறது. விளம்பரத்தில் அதையே ‘காத்திருக்க வேண்டாம்’ என்று சிறப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

சுகாதாரம் என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. எல்லோரும் ஒன்றிலேயே குடிக்கும் பொதுப் பாத்திரத்தின் மேல் பயம் புதிதில்லை. ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை 1882இல் அறிவித்தபின் அமெரிக்காவில் அது கிளம்பியது. ஒஹையோ மாநிலத்து ஜே.ஜி. தாமஸ் என்ற போதகர் 1894இல் தனிக் கிண்ணத் தட்டுக்குக் காப்புரிமையே வாங்கிவிட்டார். நாங்கள் வைத்திருக்கும் கண்ணாடிக் கிண்ணத் தட்டும் அந்த வம்சம்தான். ஆனால் காசம் பாத்திரத்தால் பரவுவதில்லை. இருமுகிறவரின் காற்றால் பரவுகிறது. கிண்ணத்தைத் தனித்தனியாக்கிவிட்டு, ஜன்னல்களை அடைத்து ஏசி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உரக்கப் பாடுகிற சபைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. பொதுப் பாத்திரத்தில் குடித்ததால் நோய் பரவியதாகப் பதிவான நிகழ்வு ஒன்றும் இல்லை என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்களே 1998இல் எழுதியிருக்கிறார்கள். ஆபத்து அறவே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. சளியோ வாயில் புண்ணோ இருப்பவர் பாத்திரத்தில் வாய் வைக்கக் கூடாது. அப்பத்தை மட்டும் வாங்கினால் போதும். கொரோனா காலத்தில் பொதுப் பாத்திரத்தை நிறுத்தியது மிகச் சரி, அப்போது நான்தான் முதலில் நிறுத்தச் சொன்னேன். நோய்க்காலம் முடிந்தபின்னும் அதே பயத்தை வைத்துக்கொண்டிருப்பதற்குச் சுகாதாரம் என்று பெயர் வைக்காதீர்கள்.

தமிழ்ச் சபைகளில் தனிக் கிண்ணம் என்றால் வேறொன்றும் நினைவுக்கு வர வேண்டும். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு சுற்றுக் கடிதம் எழுதினார். சாதி வேறுபாட்டைத் தயக்கமின்றி, உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும். திருவிருந்துக்கு எல்லோரும் வேற்றுமையின்றிச் சேர்ந்து வர வேண்டும் என்பது அதன் சாரம். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கொந்தளித்தார்கள். ஞானஸ்நானம் வாங்கியிருந்தார்கள், கீர்த்தனை பாடினார்கள், பிரசங்கம் கேட்டார்கள். தாழ்த்தப்பட்டவர்களின் உதடு பட்ட பாத்திரத்தில் தங்கள் உதடு படுவது மட்டும் முடியாது என்றார்கள். சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது எளிது என்று பலர் எழுந்து போனார்கள். இதை நடத்தியவர்கள் நம் முன்னோர்கள், வேறு யாரோ இல்லை.

எங்கள் குடும்பம் வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனது. தாத்தா சுரங்கத்தில் இறங்கியவர். ஊர் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்கென்று தனிக் குவளை ஆணியில் தொங்கும் என்று பாட்டி சொல்வாள். குடித்துவிட்டுத் தாமே கழுவி மாட்டிவிட்டு வர வேண்டும். தங்கவயல் கோயிலில் மேஸ்திரி வீட்டம்மாள் குடித்த பாத்திரத்திலேயே தானும் குடித்த முதல் நாளை அவள் சாகும்வரை தேதியோடு சொன்னாள். மேஸ்திரி வீட்டம்மாள் அன்று முகம் திருப்பிக்கொண்டதையும் விடாமல் சொல்வாள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள்; நாங்கள் பாதிப் பேர் பெங்களூருக்கு வந்துவிட்டோம். எனக்குத் திருவிருந்து என்றால் பாட்டி சொன்ன அந்தப் பாத்திரம்தான். இப்போது இருபது ரூபாய்க்கு எல்லோருக்கும் தனிக் குவளை. யாரும் முகம் திருப்பவே வேண்டியதில்லை.

இன்னொன்றும் போய்விட்டது. தென்னிந்தியத் திருச்சபை 1950இல் வெளியிட்ட திருவிருந்து ஒழுங்கில் சமாதானம் கொடுப்பது என்று ஒரு பகுதி. கேரளத்துச் சுரியானிச் சபைகளின் வழக்கத்திலிருந்து எடுத்தது. மேசையருகில் நிற்பவர் தம் இரு கைகளுக்குள் அடுத்தவர் கையை வாங்கிச் சமாதானம் கொடுப்பார், அவர் அடுத்தவருக்கு, அப்படியே கடைசி வரிசைவரை கைக்குக் கை போகும். உலகத்தின் பல சபைகள் அதன்பின் சமாதானம் கொடுப்பதைத் தங்கள் ஒழுங்குகளிலும் சேர்த்துக்கொண்டன. கொரோனாவில் அதை வணக்கமாக மாற்றினோம். இன்னும் வணக்கம்தான். ஞாயிறு அன்று கிண்ணம் ஒரு கையில், கைப்பேசி ஒரு கையில் இருந்ததால், வணக்கம் போடக்கூடப் பலருக்குக் கை ஒழியவில்லை.

ஆராதனை முடிந்தபின் என் வேலை தொடங்கியது. திருவிருந்தில் மிஞ்சியதைப் பயபக்தியோடு உட்கொண்டு தீர்த்துவிடுவது எங்கள் முறை. சாக்கடையிலோ குப்பையிலோ போட மாட்டோம். பெஞ்சுக்கு அடியில், ஜன்னல் மேடையில், பாட்டுப் புத்தகம் வைக்கிற இடுக்கில், கழிப்பறை வாசலில்கூடக் கிண்ணங்கள். பாதி ரசம் மீந்தவை, உரிக்கவே வராமல் விட்டுப்போனவை, அப்பம் நொறுங்கி ரசத்தில் ஊறிக்கிடப்பவை. எறும்பு வந்துவிட்டது. லுத்தரன் சபையிலிருந்து ஓர் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு வந்தார்; மீந்ததை எங்கே விடுவது என்று என்னிடம் கேட்டார், நான் அவர்கள் சபையில் எப்படி என்று கேட்டேன். இருவருக்கும் தோட்டத்து மண்தான் சரி என்று பட்டது. கொய்யா மரத்தடியில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, குழாயில் அலசினோம். அலசாமல் போட்டால் மாநகராட்சி வண்டிக்காரர் உலர் குப்பையாக எடுக்கமாட்டார். பிளாஸ்டிக் கப், டம்ளர், தட்டு எல்லாவற்றையும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்திருக்கும்போது, கோயிலிலிருந்து இவ்வளவு பிளாஸ்டிக்கா என்று வண்டிக்காரர் கேட்டார். இரண்டு மூட்டை. முப்பது கண்ணாடிக் கிண்ணத் தட்டைக் கழுவியிருந்தாலும் அந்த நேரத்துக்குள் முடிந்திருக்கும்.

அந்த அம்மாவோடு பேசியதில் தெரிந்தது, அவரும் தம் சபையில் வெள்ளைத் துணி துவைப்பவர். நீலத் திராட்சையைப் பிழியக் கூடாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. மது வேண்டும் என்று கமிட்டியில் அடித்துப் பேசியது அவர் வீட்டுக்காரர்தானாம். அடுத்த வருடம் ரசமும் மதுவும் இரண்டையும் அடையாளத்தோடு தனித் தட்டுகளில் வைத்து, ஒரே மேசையில், ஒரே கிராதியில் கொடுக்கலாம் என்று அவர் சொன்னார். இதைக் கமிட்டியில் யாரும் கேட்கவில்லையே என்றேன். என்னை எங்கே கமிட்டியில் போட்டார்கள் என்றார்.

பொருளைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். படுக்கையில் கிடப்பவர்களுக்கு இது நல்லது. எங்கள் ஆயர் மாதமொருமுறை வீட்டில் முடங்கியவர்களைப் பார்க்கப் போவார். முன்பு புட்டி, கிண்ணம், தட்டு, துணி என்று ஒரு பை தூக்கிக்கொண்டு பானஸ்வாடி நெரிசலில் ஸ்கூட்டரில் போனால் வழியிலேயே ரசம் சிந்தும். இப்போது சட்டைப்பையில் இரண்டு கிண்ணங்கள் போதும். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், இவர்களுக்கெல்லாம் ஒட்டி மூடியது உண்மையில் பாதுகாப்பு. அங்கேயும் ஆயர் தாமே உரித்துத் தம் கையால் ஊட்டினால் சரி. நோயாளி மேசைமேல் வைத்துவிட்டு வரக் கூடாது. நீரிழிவுக்காரர்கள் கவனிக்க, ரசத்தில் சர்க்கரை தூக்கல். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அப்பத்தை ரசத்தில் நனைத்துத்தான் கொடுக்க வேண்டும். வீட்டுத் தேவைக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். சபைக்கு ஒன்று, அதுவும் காலாவதித் தேதியைத் தெளிவாக அச்சடித்ததற்காக.

வாங்குவதென்றால் நூறாக வாங்க வேண்டாம், பத்துப் பத்தாகத் தருகிற கடையைப் பாருங்கள். இரண்டு காதும் எதிரெதிர்ப் பக்கம் அமைந்த வகையும் கிடைக்கிறதாம், அதைக் கேளுங்கள். வெயிலில் நின்ற வண்டிக்குள் வைக்காதீர்கள், மூடி உப்பிவிடுகிறது. கூடவே ஒரு சின்னக் கத்தரிக்கோல். எங்களிடம் உடைக்காத பெட்டி ஒன்றும் உடைத்த பெட்டி ஒன்றும் மீந்திருக்கின்றன. படுக்கையில் இருப்பவர்கள் அதிகமுள்ள சபை எதுவானாலும் எங்கள் பொருளாளர் தம்பியிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். மனை விளம்பரத் துண்டுச்சீட்டும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, அதை மட்டும் எடுத்துவிட்டுக் கொண்டுபோங்கள்.